2028 அமெரிக்க அதிபர் தேர்தல்: யார் யார் நிற்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நாள் 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. புதிய அதிபர் பதவியேற்பது 2029 ஜனவரி 20. இதை எழுதும்போது 2026 நவம்பர் 3-ல் வரவேண்டிய இடைக்காலத் தேர்தலே (அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்) இன்னும் முடியவில்லை. ஆனாலும் "அடுத்து யார்?" என்ற கேள்வி நிற்பதாக இல்லை. தெரிந்ததைத் தெரிந்ததாகவும், என் ஊகத்தை ஊகம் என்று சொல்லியும் எழுதுகிறேன்.

இவ்வளவு சீக்கிரம் இந்தப் பேச்சு எதற்கு?

நமக்குத்தான் சீக்கிரம், நிற்கப்போகிறவர்களுக்கு இல்லை. 2028 தொடக்கத்திலேயே கட்சி வேட்பாளரை வாக்காளர்களே மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல்கள் ஆரம்பித்துவிடும். அதற்கு ஒரு வருடம் முன்பே களத்தில் இருக்க வேண்டும். ஒபாமா 2008 தேர்தலுக்கான அறிவிப்பை 2007 பிப்ரவரி 10-ல் வெளியிட்டார். ட்ரம்ப் இன்னும் அவசரக்காரர். 2022 இடைக்காலத் தேர்தல் முடிந்து சரியாக ஒரு வாரத்தில், நவம்பர் 15-ல், 2024-க்கு நிற்பதாகச் சொல்லிவிட்டார். அறிவிப்புக்கு முன்பே பணம் தருகிறவர்களையும் பிரசாரம் நடத்தத் தெரிந்தவர்களையும் பிடித்து வைத்திருக்க வேண்டும். நல்ல ஆட்கள் குறைவு. முதலில் கேட்டவருக்கே கிடைப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. இந்த முறை நாற்காலி காலியாகப்போவது முன்கூட்டியே தெரியும். இரண்டு கட்சிகளிலும் துண்டு போட ஆள் இருக்கிறது.

ட்ரம்ப் மூன்றாம் முறை நிற்க முடியாதா?

முடியாது. ரூஸ்வெல்ட் 1932 முதல் 1944 வரை நான்கு முறை வென்றதைப் பார்த்து, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த 22-வது திருத்தம் 1951-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு முறையும் அடுத்தடுத்து வந்ததா, நடுவில் இடைவெளி இருந்ததா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ட்ரம்ப் 2016-லும் 2024-லும் வென்றுவிட்டார். கணக்கு முடிந்தது.

"துணை அதிபராக நின்று, வென்றவரை ராஜினாமா செய்ய வைத்தால்?" என்று அடுத்த கேள்வி வரும். அதிபராகத் தகுதியில்லாதவர் துணை அதிபராகவும் ஆக முடியாது என்று 12-வது திருத்தம் சொல்கிறது. "தேர்ந்தெடுக்கப்படக் கூடாது" என்பதும் "தகுதியில்லை" என்பதும் ஒன்றா என்று சட்டம் படித்தவர்கள் சிலர் முடியைப் பிளக்கிறார்கள். ஆனால் அந்த வழி தனக்கு வேண்டாம் என்று 2025 அக்டோபரில் ட்ரம்பே சொல்லிவிட்டார். திருத்தத்தையே நீக்குவதென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய அமெரிக்காவில் எதற்கும் அப்படி ஒரு ஒற்றுமை வராது.

பிறகு ஏன் "ட்ரம்ப் 2028" என்று தொப்பி விற்கிறார்கள்? என் கணிப்பு இது. போகப்போகிற தலைவரின் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். போவாரா மாட்டாரா என்று தெரியாத தலைவருக்கு எல்லோரும் பயப்படுவார்கள். அதற்குத்தான் அந்தத் தொப்பி.

எலான் மஸ்க், ஸோரான் மம்தானி இவர்களெல்லாம்?

வாய்ப்பே இல்லை. அதிபராக வேண்டுமென்றால் பிறப்பாலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது ஆகியிருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். மஸ்க் பிறந்தது தென்னாப்பிரிக்கா, நியூயார்க் மேயர் மம்தானி உகாண்டா, நடிகர் ஆர்னால்ட் ஆஸ்திரியா. நம் பக்கத்து ஆட்களில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலுக்கும் டெல்லியில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்திக்கும் இதே கதவுதான் மூடியிருக்கிறது. ட்ரம்பின் கடைசி மகன் பரோன் பிறந்தது 2006 மார்ச். அவர் நிற்கக்கூடிய முதல் தேர்தல் 2044.

குடியரசுக் கட்சியில் ஜே.டி. வான்ஸ்தான் என்று முடிவாகிவிட்டதா?

கட்சித் தலைமை சீட்டு கொடுக்கும் முறை அங்கே இல்லை. மாநிலம் மாநிலமாக வாக்காளர்களிடம் போய் ஜெயித்து வர வேண்டும். ஆகவே "முடிவு" என்ற சொல்லுக்கு இப்போது இடமில்லை. ஆனால் இன்றைய நிலையில் அவருக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. 1984-ல் ஒஹையோவின் மிடில்டவுனில் பிறந்தவர், இரண்டே வருடம் செனட்டராக இருந்துவிட்டு துணை அதிபர் ஆனவர். 2025 மார்ச்சில் கட்சியின் தேசியக் குழுவுக்கு நிதிப் பொறுப்பாளராகவும் ஆனார். பதவியில் இருக்கும் துணை அதிபர் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றது அதுவே முதல் தடவை. பெரிய நன்கொடையாளர்கள் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். போட்டியாகக் கருதப்பட்ட வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ, வான்ஸ் நின்றால் தான் அவரை ஆதரிப்பதாக 2025 டிசம்பரில் வெளிவந்த ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டார்.

சிக்கல், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே இருக்கிறது. பதவியில் இருந்தபடியே நின்று அதிபரான துணை அதிபர்கள் இதுவரை நான்கே பேர்: ஆடம்ஸ், ஜெஃபர்சன், வான் பியூரன், மூத்த புஷ். வான் பியூரன் வென்றது 1836-ல், புஷ் வென்றது 1988-ல். இடையில் ஒன்றரை நூற்றாண்டு காலம் யாருமில்லை. நிக்சன் 1960-ல் தோற்றார், ஹம்ப்ரி 1968-ல், அல் கோர் 2000-ல், கமலா ஹாரிஸ் 2024-ல். காரணம் ஒன்றுதான். தலைவர் செய்ததெல்லாம் உன் கணக்கிலும் ஏறும். தலைவரை விட்டு விலகிப் பேசினால் துரோகி என்பார்கள். "பைடனைவிட நீங்கள் வேறு என்ன செய்திருப்பீர்கள்?" என்று கமலாவிடம் கேட்டபோது அவர் திணறியதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதே கேள்வியில் பைடன் பெயருக்குப் பதில் ட்ரம்ப் பெயரைப் போட்டு, வான்ஸ் மேடையில் நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். ட்ரம்ப் வீட்டில் உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புஷ் ஜெயித்ததற்கு அப்போதைய அதிபர் ரீகனின் செல்வாக்கு ஒரு பெரிய காரணம். ஆகவே 2028-ல் வான்ஸின் விதி பாதிக்கு மேல் ட்ரம்பின் செல்வாக்கில் இருக்கிறது. கட்சி வேட்பாளர் ஆவது அவருக்குச் சுலபம், அதிபர் ஆவது கடினம் என்பது என் எண்ணம்.

(சிலர் கேட்பதால்: அவர் மனைவி உஷாவின் பெற்றோர் தெலுங்குக் குடும்பத்தினர், தமிழர் அல்லர்.)

அந்தக் கட்சியில் வேறு யாருமே இல்லையா?

இருக்கிறார்கள், ஆனால் வான்ஸ் வழுக்கினால்தான் அவர்களுக்கு வழி. ரூபியோ ஆதரிப்பதாகச் சொல்லியிருந்தாலும், வான்ஸ் நிற்காமல் போனால் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். 2016-ல் சொந்த மாநிலமான ஃப்ளோரிடாவிலேயே ட்ரம்பிடம் தோற்றுப் போட்டியை விட்டு விலகியவர். 67 மாவட்டங்களில் மயாமி-டேட் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. அப்படி அடிபட்டவர் அதே ட்ரம்பின் அமைச்சரவையில் முக்கியமானவராக எழுந்து வந்தது சாதாரண விஷயமில்லை. ட்ரம்பின் மூத்த மகன் டொனால்ட் ஜூனியர் பெயரும் அடிபடுகிறது. டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸுக்கு ஆசை போனதாகத் தெரியவில்லை. ஃப்ளோரிடா ஆளுநராக ஜெயித்த ரான் டிசாண்டிஸின் கதை பாடமாக வைக்கத் தக்கது. 2022 முடிவில் அவர்தான் அடுத்த அதிபர் என்று எழுதாத பத்திரிகை குறைவு. 2024 ஜனவரி 15-ல், முதலில் வாக்களித்த அயோவாவில் இரண்டாம் இடம் வந்தார், 21-ம் தேதி மூட்டை கட்டினார்.

விவேக் ராமசாமி?

பாலக்காட்டுத் தமிழ் பேசும் குடும்பம், சின்சினாட்டியில் 1985-ல் பிறந்தவர், எனவே தகுதி உண்டு. 2024-ல் நின்று அயோவாவோடு ஒதுங்கி, ட்ரம்பை ஆதரித்தார். இப்போது ஒஹையோ ஆளுநர் பதவிக்கு 2026 தேர்தலில் இறங்கியிருக்கிறார். அதை வென்றால் பதவியேற்ற சூடு ஆறுவதற்குள் அதிபர் போட்டிக்குப் போவது சரியாக வராது. அதுவும் அதே மாநிலத்துக்காரரும் தன்னை ஆதரித்தவருமான வான்ஸை எதிர்த்து. அவருக்கு வயதிருக்கிறது. 2032 அல்லது அதற்கு மேல் பார்க்கலாம்.

ஜனநாயகக் கட்சியில் முன்னணியில் இருப்பவர் யார்?

பெயர் அதிகம் அடிபடுபவர் கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர்; நம்மூர் ராஜ்பவன் ஆளுநரை மனதில் வைத்துப் படித்தால் எல்லாம் குழம்பிவிடும்.) 1967-ல் பிறந்தவர். 2004-ல் சான் பிரான்சிஸ்கோ மேயராக ஒரேபாலினத் திருமணங்களுக்கு அனுமதி கொடுத்து நாடறிந்தவர் ஆனார். ஆளுநர் பதவி 2027 ஜனவரியில் முடிகிறது, பிறகு கை சும்மாதான் இருக்கும். 2026 தேர்தல் முடிந்ததும் யோசிப்பேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

2025-ல் அவர் இரண்டு வேலை செய்தார். ஒன்று, ட்ரம்ப் பாணியிலேயே கொட்டை எழுத்தில் பதிவுகள் போட்டு அவரைக் கிண்டலடித்தது. இன்னொன்றுதான் முக்கியம். டெக்சாஸில் குடியரசுக் கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை மாற்றியபோது, பதிலுக்குக் கலிஃபோர்னியாவிலும் எல்லைகளை மாற்ற மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி நவம்பர் 4-ல் வென்றார். அது முறையா என்பது வேறு பேச்சு. "நம்ம ஆள் திருப்பி அடிக்கிறார்" என்று கட்சித் தொண்டர்களுக்குப் பிடித்துப்போனது.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்பதற்கு மூளையைக் கசக்க வேண்டாம். நடைபாதையில் கூடாரம் போட்டுக் கிடக்கும் மக்கள், எட்டாத வீட்டு விலை, பெட்ரோல் விலை எல்லாம் தினமும் விளம்பரமாக வரும். அதிபரைத் தீர்மானிப்பது மாநிலவாரியாகப் பிரித்துத் தரப்படும் தேர்வாளர் வாக்குகள்; கலிஃபோர்னியாவின் 54 தேர்வாளர் வாக்குகளும் யார் நின்றாலும் ஜனநாயகக் கட்சிக்கே போகும். அவரால் கூடுதலாக ஒன்றும் வரப்போவதில்லை. அந்த மாநில ஆளுநராக இருந்து வெள்ளை மாளிகைக்குப் போனவர் ரீகன் ஒருவர்தான். அங்கே ஆளுநராக இருந்த ஜெர்ரி பிரவுன் மூன்று முறை முயன்றும் முடியவில்லை.

இந்த "கூடுதலாக என்ன வரும்" கணக்கில் மேலே நிற்பவர் பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷபிரோ. 19 தேர்வாளர் வாக்குகள், எப்போதும் இழுபறி. 2016, 2020, 2024 மூன்றிலும் அந்த மாநிலத்தை வென்றவரே அதிபர். 2024-ல் கமலா தனக்குத் துணையாக இவரை விட்டு டிம் வால்ஸை எடுத்தது சரியா என்ற விவாதம் இன்றும் கட்சிக்குள் ஓயவில்லை. ஆனால் அவர் முதலில் 2026-ல் ஆளுநர் பதவியை மீண்டும் வெல்ல வேண்டும்.

கென்டக்கியின் ஆண்டி பெஷியர் பற்றி நம் ஊடகங்களில் அதிகம் வருவதில்லை. 2024-ல் ட்ரம்ப் 30 புள்ளி வித்தியாசத்தில் வென்ற மாநிலம் அது. அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் 2019-லும் 2023-லும் ஆளுநராக ஜெயித்தது எப்படி என்பதைக் கட்சி உட்கார்ந்து கேட்டால் நல்லது. சத்தம் போடாத ஆள். அதுவே பலமா பலவீனமா என்பது தெரிய ஒரு விவாத மேடை வேண்டும்.

இல்லினாய் ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் ஹயாட் ஹோட்டல் குடும்பத்து வாரிசு. யாரிடமும் பணம் கேட்க வேண்டியதில்லை. பணக்காரர்களைத் திட்டும் கட்சியில் அது ஒரு தர்மசங்கடம். மிச்சிகன் ஆளுநர் கிரெட்சென் விட்மர் அடிக்கடி பேசப்படுகிறார், அவரிடம் வேகம் தெரியவில்லை. அரிசோனா செனட்டர் மார்க் கெல்லி விண்வெளிக்குப் போய் வந்தவர். பைடனின் போக்குவரத்து அமைச்சராக இருந்த பீட் பூட்டஜெஜ் மேடையில் யாரையும் மடக்கிவிடுவார். 2025-ல் மிச்சிகன் செனட் தேர்தலில் நிற்க மாட்டேன் என்று அவர் சொன்னதை, அதிபர் போட்டிக்கு வழிவிட்டதாகவே எல்லோரும் படித்தார்கள். 2020-ல் அவருக்குக் கறுப்பின வாக்காளர் ஆதரவு மிகக் குறைவாகவே கிடைத்தது. அந்த ஓட்டை அடைபட்டதாகத் தெரியவில்லை.

அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் நிற்பாரா?

நியூயார்க்கிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன அவர் முன்னால் இரண்டு வழி. 2028-ல் நியூயார்க்கின் சக் ஷூமரின் செனட் இடமும் தேர்தலுக்கு வருகிறது. பிரதிநிதிகள் சபையிலிருந்து நேராக வெள்ளை மாளிகைக்குப் போனவர் 1880-ல் கார்ஃபீல்ட் மட்டுமே. தேர்தல் நேரத்தில் வயது 39. நான் அவராக இருந்தால் செனட்டைப் பிடிப்பேன். ஆனால் 2025-ல் இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸோடு அவர் ஊர் ஊராக நடத்திய கூட்டங்களுக்கு வந்த ஜனத்தைப் பார்த்தால், சாண்டர்ஸின் வாக்குகளுக்கு வாரிசு யார் என்பதில் சந்தேகம் வராது. கட்சியில் அப்படி ஒரு பகுதி கையில் இருக்கும்போது காத்திருக்கச் சொல்வது கஷ்டம்.

கமலா ஹாரிஸ் மீண்டும் வருவாரா? துளசேந்திரபுரத்தில் மறுபடி பூஜை உண்டா?

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள அந்த ஊர், கமலாவின் தாய்வழித் தாத்தாவின் பூர்வீகம். 2020-லும் 2024-லும் ஊர் மக்கள் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள். ஒரு தடவை பலித்தது, ஒரு தடவை இல்லை.

அவர் கதவை மூடவில்லை. 2025 ஜூலையில் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நிற்க மாட்டேன் என்றார். செப்டம்பரில் தன் பிரசாரத்தைப் பற்றிப் புத்தகம் போட்டார். அக்டோபரில் பிபிசி பேட்டியில் இன்னும் ஓய்ந்துவிடவில்லை என்ற தொனியில் பேசினார். கறுப்பினப் பெண் வாக்காளர்களிடம் அவருக்கு உள்ள பிடிப்பு உண்மையானது. அவரைத் தெரியாதவர் நாட்டில் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதிபர் பதவிக்கான முதனிலைத் தேர்தல் எதிலும் அவர் இதுவரை வென்றதில்லை. 2019 டிசம்பரில், ஒரு வாக்கு விழுவதற்கு முன்பே விலகினார். 2024-ல் ஜூலை 21 அன்று பைடன் ஒதுங்கியதால் வேட்பாளர் பட்டம் கைக்கு வந்தது. பிறகு தேர்வாளர் வாக்கில் 226-க்கு 312 என்று தோற்று, இழுபறி மாநிலங்கள் ஏழையும் விட்டார். தோற்றவருக்கு மறு வாய்ப்பு தரும் பழக்கமும் அந்தக் கட்சிக்கு இல்லை; கடைசியாக அப்படிக் கிடைத்தது 1956-ல் அட்லாய் ஸ்டீவன்சனுக்கு, அவர் அதிலும் தோற்றார். நிக்சனும் ட்ரம்பும் தோற்ற பின் திரும்பி வந்து ஜெயித்தவர்கள்தான், ஆனால் இருவரும் மற்ற கட்சி. நின்றால் தொடக்கத்தில் முன்னால் இருப்பார், கடைசி வரை இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது கருத்துக்கணிப்பில் முன்னால் இருப்பவர் ஜெயிப்பார் என்று நம்பலாமா?

2007-ல் முன்னால் இருந்தவர்கள் ஹிலரி கிளின்டனும் ரூடி ஜூலியானியும். களத்தில் கடைசியாக நின்றவர்கள் ஒபாமாவும் மெக்கெயினும். 2015-ல் ஜெப் புஷ்ஷுக்காக அவர் ஆதரவு அமைப்பு 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஒரு மாநிலம்கூட வெல்லவில்லை. 1991-ல் வளைகுடாப் போர் முடிந்தபோது மூத்த புஷ்ஷுக்கு 89 சதவீத ஆதரவு. அவரை யாரால் தோற்கடிக்க முடியும் என்று ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் ஒதுங்கினார்கள். நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோவை நியூ ஹாம்ப்ஷயருக்கு அழைத்துப் போக விமானமே தயாராக நின்றது, அவர் ஏறவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அர்கன்சா ஆளுநர் ஒருவர் நின்றார். அவர்தான் பில் கிளின்டன்.

பந்தயச் சந்தைகளின் சதவீதங்களுக்கும் இதே மதிப்புதான். பணம் வைத்தவர்கள் படிப்பது நாம் படிக்கும் அதே செய்திகளை.

ஒருவர் நிற்கப்போகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வாயைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். முதனிலைத் தேர்தலில் முன்னதாக வாக்களிக்கும் நியூ ஹாம்ப்ஷயருக்கும் தென் கரோலினாவுக்கும் வேலையே இல்லாமல் போகிற ஆளுநர் வேலையாகத்தான் போகிறார். அடுத்து, புத்தகம். நியூசம், ஷபிரோ இருவர் புத்தகங்களும் 2026 தொடக்கத்தில் வந்தது தற்செயல் இல்லை. மூன்றாவது, வேறு தேர்தலில் நிற்க மறுப்பது. "இப்போதைக்கு என் கவனமெல்லாம் என் மாநில மக்கள் மேல்" என்பதில் "இப்போதைக்கு" என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஒபாமா 2006 ஜனவரியில் தொலைக்காட்சியில் நிற்க மாட்டேன் என்றே சொன்னார். ஒரு வருடத்தில் நின்றார்.

சட்டப்படி 5,000 டாலருக்கு மேல் திரட்டினாலோ செலவழித்தாலோ வேட்பாளர் ஆகிவிடுவார், பதிவு செய்தாக வேண்டும். அதுவரை ஆழம் பார்க்க அனுமதி உண்டு. அந்த அனுமதியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு.

எந்த மாநிலம் முதலில் வாக்களிக்கிறது என்பது அவ்வளவு முக்கியமா?

மிகவும். 2020-ல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். பிப்ரவரி 29-ல் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். மூன்று நாளில் போட்டியே அவர் பக்கம் திரும்பிவிட்டது. வரிசை மாறியிருந்தால் வேட்பாளர் மாறியிருப்பார். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்துக்குக் கீழே வாங்கினால், வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகள் ஒருவரும் கிடையாது. பத்துப் பேர் வாக்கைப் பிரித்துக்கொண்டால் இந்த விதி பலரை ஒரே வாரத்தில் துடைத்துவிடும்.

மூன்றாவது கட்சி, சுயேச்சை?

1992-ல் ராஸ் பெரோ 18.9 சதவீத வாக்கு வாங்கினார். தேர்வாளர் வாக்கு: பூஜ்ஜியம்.

சரி, உங்கள் கணிப்பைச் சொல்லுங்கள்.

குடியரசுக் கட்சியில் வான்ஸ், பக்கத்தில் ரூபியோ இருந்தால் வியப்பில்லை. ஜனநாயகக் கட்சியில் ஒரு ஆளுநர். பெயர் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஷபிரோ. நியூசமைவிட அவருக்கு என் கை நீள்வதற்குப் பென்சில்வேனியாவைத் தவிர வேறு காரணமில்லை. ஆனால் 2027 வசந்த காலத்தில், இந்தப் பக்கத்தில் பெயரே வராத யாராவது தென் கரோலினாவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கறுப்பினத் தேவாலயத்தில் பேசிக்கொண்டிருந்தால், நான் இந்தப் பதிலை மாற்றி எழுதுவேன்.